பாக்கெட்ல தினம் வச்சுக்க மடக்குக் கத்தி எது வாங்கலாம்? (பட்ஜெட் 200 மலேசிய வெள்ளி)

லிந்தாங்_பையன்:
வணக்கம் எல்லாருக்கும். நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (பாமாயில்) தோட்டத்துல ஃபீல்டு வேலை பாக்குறேன். காலையில பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிஞ்சு மோட்டோவ எடுத்தா மத்தியானம் வரைக்கும் காட்டுக்குள்ள தான். கையில ஒரு கத்தி இல்லாம ஓட்ட முடியல. உர மூட்டை பிரிக்கணும், ராஃபியா கயிறு வெட்டணும், நர்சரியில பாலிபேக் கிழிக்கணும், ஸ்டோருக்கு வர்ற பெட்டி திறக்கணும், களைக்கொல்லி மருந்து பாட்டில் மூடி அறுக்கணும், சாப்பாட்டு நேரத்துல கொய்யாவோ மாங்காயோ கிடைச்சா அதையும் நறுக்கணும். லீவு நாள்ல கோயில்ல தோரணம் கட்டவும் கூப்புடுவாங்க. இது வரைக்கும் மஞ்சக் கலர் கட்டர் தான், ஆனா உள்ள துரு ஏறி பிளேடு தள்ளவே வராது, மழை காலத்துல இன்னும் மோசம்.

யூடியூப்ல பாத்தா தல சுத்துது, ஸ்டீல் பேரெல்லாம் காடி (கார்) நம்பர் மாதிரி இருக்கு. ஷோப்பி ஆன்லைன் கடையில ஒரு கறுப்புக் கத்தி பாத்து வச்சிருக்கேன், நுனி சாய்ச்சு வெட்டின மாதிரி, விரல்ல தட்டினா டப்புன்னு திறக்குது, 39 வெள்ளி தான். வாங்கலாமா? போலீஸ் ரோட்புளோக்ல காட்டினா பிரச்சின வருமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கறுப்பு_வேங்கை:
வாங்குலா மச்சான், யோசிக்காத. அந்த மாதிரி ஒண்ணு தான் நானும் வச்சிருக்கேன், ஒரு கையால திறக்கலாம், ஒரு கையால மூடலாம், பெல்ட்டுல கிளிப் போட்டு மாட்டிக்கலாம், பாக்கவும் கெத்தா இருக்கும். 39 வெள்ளிக்கு உடைஞ்சா இன்னொண்ணு வாங்கிக்க வேண்டியது தான்.

கித்தாக்காட்டு_கிழவன்:
தம்பி, முதல்ல கத்திய பாக்காத, வேலைய பாரு. நீ சொன்ன லிஸ்ட்ல முக்காவாசி கயிறும் சாக்கும் தான். உர மூட்டைக்கு கத்தியே அவ்வளவா வேணாம். வாய்த் தையல பாத்தியா, ஒரு பக்கம் நேர்த் தையலா இருக்கும், திருப்பிப் பாத்தா சங்கிலிப் பின்னல். ஒரு மூலையில மட்டும் நூல லேசா அறுத்துட்டு ரெண்டு நூலையும் பிடிச்சு இழுத்தா சர்ர்ருன்னு முழுசா உருவிட்டு வந்துடும். தப்பான மூலையில தொட்டா முடிச்சு விழுந்து மாட்டிக்கும், அப்ப அடுத்த மூலைக்குப் போ. புதுசா வர்ற பசங்க மூட்டை வயித்துல குத்தி கிழிக்கிறானுங்க, பாதி உரம் தரையில. அப்புறம் சாக்கும் வேற எதுக்கும் ஆகாது.

நான் பாலுக்காக கித்தா (ரப்பர்) மரம் வெட்டின காலத்துல கையில இருந்தது ஒரே உளி. அத வேற எதுக்கும் தொட மாட்டோம், ராத்திரி தீட்டி வச்சா விடியக்காலையில தோல் சீவுறப்ப வழுக்கிட்டு போகணும், மரத்துக்கு காயம் படக்கூடாது. மத்த வேலைக்கு சட்டைப் பையில ஒரு பேனாக்கத்தி. அது போதும். ரெண்டையும் கலக்கினா ரெண்டும் கெடும்.

லிந்தாங்_பையன்:
ஐயா அந்த நூல் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, நாளைக்கே பாக்குறேன். பேனாக்கத்தின்னா அந்த சுவிஸ் விக்டோரிநாக்ஸ் மாதிரியா?

ஈப்போ_அக்கா:
அந்தக் கறுப்புக் கத்திய ஆர்டர் போட்டுடாதீங்க தம்பி, கொஞ்சம் நில்லுங்க. நான் ஈப்போல ஒரு வக்கீல் ஆபீஸ்ல கிளார்க். இந்த கேஸ் ஃபைல் எல்லாம் டைப் அடிச்சு அடிச்சு எனக்கு மனப்பாடம்.

நம்ம நாட்டுல இதுக்குன்னு ஒரு சட்டம் இருக்கு, 1958ஆம் வருஷத்து அரிக்கும் பொருள், வெடிபொருள், ஆபத்தான ஆயுதச் சட்டம், ஆக்டா (சட்ட எண்) 357. அதுல செக்‌ஷன் 6, பொது ரோட்டுலயோ பொது இடத்துலயோ சட்டப்படியான காரணம் இல்லாம ஆபத்தான ஆயுதம் வச்சிருந்தா கொறஞ்சது 5 வருஷம், கூடுனா 10 வருஷம் ஜெயில், பிரம்படியும் உண்டு. கொறஞ்சதே 5 வருஷம்ன்றத கவனிங்க, அபராதம் கட்டிட்டு வீட்டுக்கு வர்ற கதை இல்ல. அப்புறம் நெறைய பேரு கேக்குறாங்க, மூணு இஞ்சுக்கு கீழ இருந்தா பரவால்லயான்னு. அந்தச் சட்டத்துல இஞ்சு கணக்கே கிடையாது. ஆளைக் காயப்படுத்தக்கூடிய எந்தப் பொருளும் அந்த வார்த்தைக்குள்ள வரலாம். ஏன் வச்சிருக்கீங்க, எங்க வச்சிருக்கீங்க, எந்த நேரம், அதுக்கு நீங்க சொல்ற காரணம் நம்புற மாதிரி இருக்கா, இது தான் பேச்சு.

பட்டன அமுக்கினா ஸ்ப்ரிங்ல பாயுற கத்தி தனிப் பட்டியல்ல இருக்கு, அத விக்கிறதே குற்றம். நீங்க சொன்ன டப்புன்னு திறக்குற சாமான்ல ஸ்ப்ரிங் எப்படி வச்சிருக்கான்னு படத்த பாத்து சொல்ல முடியாது. ஷோப்பில விக்கிறாங்கன்றதால சட்டத்துக்கு சரின்னு ஆயிடாது.

கறுப்பு_வேங்கை:
அக்கா பயமுறுத்தாதீங்க. கம்பத்துல (கிராமத்துல) எல்லாரும் மோட்டோல பாராங் (பெரிய வெட்டுக்கத்தி) கட்டிட்டு போறான், செம்பனை வெட்டுறவன் எட்டடி கம்புல அருவா மாட்டி ரோட்ட கடக்குறான், அவனயெல்லாம் பிடிக்கிறாங்களா?

ஈப்போ_அக்கா:
அதத் தான் தம்பி நானும் சொல்றேன். காலையில ஏழு மணிக்கு பூட்ஸ் போட்டு, பின்னாடி உர சாக்கு கட்டி, அருவா வச்சுட்டு தோட்டத்து ரோட்டுல போனா காரணம் கண்ணு முன்னாடி நிக்குது. அதே அருவாவ ராத்திரி பதினொரு மணிக்கு டவுன்ல மாமாக் சாப்பாட்டுக் கடை வாசல்ல காடி சீட்டுக்கு அடியில வச்சிருந்தா என்ன பதில் சொல்லுவீங்க? கத்தி மாறல, கேள்வி மாறிடுச்சு. ‘சேஃப்டிக்கு வச்சிருக்கேன்’னு மட்டும் வாயத் திறந்து சொல்லிடாதீங்க. அது ஆயுதமா தான் வச்சிருக்கேன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரி.

என் யோசனை, பாத்தவுடனே வேலைக்காரன் சாமான்னு தெரியுற கத்தி வாங்குங்க. கறுப்பு பெயிண்ட், பல்லு பல்லா முதுகு, மண்டையோடு படம், இதெல்லாம் வேணாம். வேலை முடிஞ்சா வேலைப் பையிலயே வச்சுட்டு டவுனுக்கு போங்க. கேஸ் எதாச்சும் வந்தா வக்கீல நேர்ல பாருங்க, இத படிச்சுட்டு வாதாடாதீங்க.

கித்தாக்காட்டு_கிழவன்:
நல்லா சொன்னம்மா.

துரு_டாக்டர்:
லேட்டா வந்துட்டேன், ஆனா இது என் சப்ஜெக்ட். கோலகங்சார்ல லேத் பட்டறை வச்சிருக்கேன், தோட்டத்துக்காரங்க கொண்டு வர்ற துருப்பிடிச்ச சாமான் பாத்து பாத்து தான் இந்தப் பேரே வந்தது.

தம்பி, உன் கட்டர் துரு ஏறுறதுக்கு மழை மட்டும் காரணம் இல்ல. உரம் தான் மெயின். எம்ஓபின்னு சாக்குல போட்டிருக்கும் பாரு, சிவப்பு உப்பு, அது பொட்டாசியம் குளோரைடு. குளோரைடுன்னா இரும்புக்கு எமன். காத்துல உள்ள ஈரத்த இழுத்து பிளேடு மேல ஒரு சொட்டு உப்புத் தண்ணி மாதிரி உக்காந்துக்கும். ஸ்டெயின்லெஸ்னு சொல்றதும் அதுல தப்பாது, மேல பளபளன்னு இருக்கும், கிட்ட வச்சு பாத்தா ஊசி குத்தின மாதிரி கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளி உள்ள இறங்கிட்டே போகும். மடக்குக் கத்தியில இன்னும் மோசம், ஏன்னா மூடினதும் உப்புத் தூள் உள்ள மாட்டிக்கும், பிவட்ல (பிளேடு சுழலுற ஆணி), ஸ்ப்ரிங்ல, கழுவலன்னா அங்கயே குடியிருக்கும்.

ஸ்டீல் விஷயம் சுருக்கமா. கார்பன் ஸ்டீல் தீட்டினா அருமையா வரும், ஆனா உன் வேலைக்கு வேணாம், மாங்காய் நறுக்கினாலே கறுத்துடும், உரம் பட்டா கேக்கவே வேணாம். டி2ன்னு இப்ப எல்லா சீனக் கத்தியிலயும் போடுறான், கூர் நெறைய நாள் நிக்கும், அது உண்மை. அதுல குரோமியம் சுமார் 12 பர்சன்ட் இருக்கு, ஆனா கார்பனும் ஒன்றரை பர்சன்ட் இருக்குறதால குரோமியத்துல நல்ல பங்கு கார்பைடா போயிடும், துருவ தடுக்க மிச்சம் இருக்குறது கம்மி. அதனால அத முழு ஸ்டெயின்லெஸ்னு யாரும் எண்ண மாட்டாங்க. உனக்கு சரிப்பட்டு வர்றது சாதா ஸ்டெயின்லெஸ். விக்டோரிநாக்ஸ்ல போடுறது கடினத்துல 56 ராக்வெல் பக்கம் தான், வீடியோ போடுறவனுங்க சாஃப்ட்டு சாஃப்ட்டுன்னு கேலி பண்ணுவானுங்க. சாஃப்ட்டா இருந்தா மழுங்கும், சரி. ஆனா ஒரு நிமிஷத்துல தீட்டிடலாம், நுனி உடையாம வளையும். தோட்டத்துல அது நல்ல குணம்.

சுத்தமா துருவே ஆகாத ஸ்டீலும் இருக்கு, ஸ்பைடர்கோ கம்பெனி சால்ட்டுன்னு ஒரு வரிசையில எச்1 போட்டான், கார்பனுக்கு பதிலா நைட்ரஜன் கலந்தது, கடல் தண்ணியில போட்டாலும் ஒண்ணும் ஆகாது. உன் உரத்துக்கு அது தான் மாப்பிள்ள. பட்ஜெட்டுக்கு மேல போயிடும், அதான் விட்டுட்டேன்.

அந்த 39 வெள்ளி கத்தியில ஸ்டீல் பேரே போட்டிருக்க மாட்டான், போட்டாலும் நம்ப முடியாது. நுனி சாய்வு வெட்டு இருக்கே, அதுக்கு ரெண்டு விளிம்பு, ரெண்டையும் தனித்தனியா தீட்டணும், கொய்யா நறுக்கப் போனா அந்த மூலை வந்து மாட்டும். கறுப்பு பெயிண்ட் உரிஞ்ச இடத்துல துரு முதல்ல வரும்.

கறுப்பு_வேங்கை:
சரி சரி டாக்டர், எல்லாரும் சேந்து என் கத்திய குப்பையில போட சொல்றீங்க. உரிஞ்ச இடத்துல லேசா சிவந்திருக்கு தான் 😅

மரப்பிடி_மணி:
யாரும் ஓபினெல் பத்தி பேசலயே! பிரான்ஸ்ல சவோய் மலைக்காட்டு விவசாயிங்களுக்காக 1890ல ஆரம்பிச்ச கத்தி, இன்னைக்கும் அதே மாதிரி தான் செய்றான். மரப்பிடி, ஒரு பிளேடு, பிடி வாயில ஒரு வளையம், அவ்வளவு தான். நம்பர் 8 எடுத்தா பிளேடு எட்டரை சென்டிமீட்டர், மெல்லிசா இருக்கும், வெங்காயம் தக்காளி எல்லாம் சமையல் கத்தி மாதிரியே நறுக்கும், விக்டோரிநாக்ஸவிட விலையும் கம்மி. 1955ல அந்த வளையத்த கொண்டு வந்தான், திருப்பி விட்டா பிளேடு மடங்காது. துரு பயமா இருந்தா ஸ்டெயின்லெஸ் பிளேடு போட்டதும் இருக்கு, சுவீடன் ஸ்டீல், 12சி27. பாக்குறவனுக்கு பழம் வெட்டுற கத்தி மாதிரி தான் தெரியும், அக்கா சொன்ன மாதிரி யாரும் பயப்பட மாட்டாங்க.

துரு_டாக்டர்:
மணி, ஓபினெல் எனக்கும் பிடிக்கும், வீட்டுல பழத்துக்கு அது தான். ஆனா தம்பிக்கு சொல்லாத. பீச் (beech) மரப்பிடி தண்ணி குடிச்சா உப்பிடும், உப்பினா பிளேட கவ்விப் பிடிச்சுக்கும், நகத்த பேத்தாலும் வராது. இங்க மழை நாள்ல சட்டைப் பையில வச்சுட்டு வேர்வையில நனைஞ்சாலே போதும்.

மரப்பிடி_மணி:
அதுக்குத் தான் சவோய்க்காரன் வழி வச்சிருக்கானே, பிடியோட பின்னாடி முனைய மேசையில டொக்குன்னு தட்டினா பிளேடு கொஞ்சம் எட்டிப் பாக்கும், இழுத்துக்க வேண்டியது தான். வாங்கினதும் பிடிய காய வச்சு எண்ணெய் ஊற விட்டா உப்புறதும் கொறையும்.

கித்தாக்காட்டு_கிழவன்:
காட்டுக்குள்ள மேசைக்கு எங்க போறது, செம்பனை அடிமரத்துலயா தட்டுறது? ஹாஹா.

ரெங்கம்_காரன்:
ஜோகூர்ல இருந்து. நானும் தோட்டத்து ஆளு தான். ஒரு விஷயம் யாரும் சொல்லல, லாக், அதான் திறந்த பிளேடு மடங்காம பிடிக்கிற பூட்டு. பேனாக்கத்தியில லாக் கிடையாது, பின்னாடி ஸ்ப்ரிங் அமுக்கி வச்சிருக்கும், அவ்வளவு தான். வெட்டுறப்ப பிரச்சின இல்ல, ஏன்னா அழுத்தம் பிளேட திறந்தே வைக்கும். குத்துறப்ப தான் ஆபத்து. பெட்டியில நுனிய வச்சு அமுக்குவ, நுனி மாட்டிக்கும், கை முன்னாடி போகும், பிளேடு விரல் மேல மூடும். எங்க தோட்டத்து பையன் ஒருத்தன் பாசா மாலாம்ல (ராத்திரிச் சந்தை) வாங்கின பேர் ஊர் தெரியாத கத்திய வச்சு கேன் மூடிய நெம்பினான், ஆள்காட்டி விரல் மடிப்புல இறங்கிடுச்சு, கிளினிக் போய் தையல் போட்டுட்டு வந்தான். அவன் கத்தியில லாக்கும் இருந்ததுன்றது தான் கொடுமை, மலிவு சாமானுக்கு லாக்குல தகடு ஒழுங்கா போய் உக்காரல, பாதி கடிச்ச மாதிரி நின்னு நெம்பினதும் வழுக்கிடுச்சு. லாக் வேணும்னா நல்ல லாக் வேணும், இல்லன்னா லாக்கே இல்லாதத வாங்கி அதுக்கு தகுந்த மாதிரி பழகணும். லாக் இருக்குன்ற தைரியத்துல தப்பா பிடிக்கிறவன் தான் நெறைய.

லிந்தாங்_பையன்:
அப்ப எத வாங்குறது அண்ணே? லாக் வச்சதா இல்லாததா?

ரெங்கம்_காரன்:
உன் வேலையில குத்துறதுன்னு என்ன இருக்கு சொல்லு. பாலிபேக் கிழிக்கிறது, அதுவும் இழுத்து தான் கிழிக்கிற. மத்ததெல்லாம் இழுவை வெட்டு. லாக் இல்லாதது போதும். நெம்பணும்னா ஸ்குரூடிரைவர் எடு, கத்தி நெம்புறதுக்கு இல்ல.

ஈப்போ_அக்கா:
லாக் இல்லாதது ரோட்புளோக்லயும் சாதுவா தெரியும், சைடுல சொல்லி வைக்கிறேன்.

மல்லிச்சரம்:
நான் பூக்கடை. கோயில் தோரணம்னு சொன்னதால வந்தேன். தம்பி, தோரணத்துக்கு கத்தி வேணாம், சின்ன கத்திரிக்கோல் தான் வேணும். மாவிலைக் காம்பு, வாழை நார், பூச்சரம் நூல், இதெல்லாம் கத்தியில இழுத்தா இலை கிழியும், பூ உதிரும். விக்டோரிநாக்ஸ்ல கிளாசிக்னு ஒரு குட்டி இருக்கு, 58 மில்லிமீட்டர், சாவிக்கொத்துல மாட்டிக்கலாம், அதுல இருக்குற கத்திரிக்கோல் நம்ப முடியாத அளவுக்கு வெட்டும். வாழை மரம் நிறுத்துறதுக்கு பாராங் கோயில்லயே இருக்கும்.

இன்னொண்ணு, இது தான் முக்கியம். மருந்து பாட்டில் மூடி அறுக்குற கத்தியிலயா மாங்காய் நறுக்குறீங்க? எனக்குப் படிக்கும்போதே வயித்த கலக்குது.

துரு_டாக்டர்:
அடடா, நான் ஸ்டீல்லயே மூழ்கி இத கோட்டை விட்டுட்டேன், பூக்கடை அக்கா சொன்னது தான் நம்பர் ஒன். பாராக்குவாட்டுன்ற களைக்கொல்லிய 2020 ஜனவரி 1ல இருந்து நம்ம நாட்டுல தடை பண்ணியாச்சு, அது ஒரு மடக்கு உள்ள போனாலே ஆள் பிழைக்கிறது கஷ்டம். அது போயிடுச்சுன்னு மத்த களைக்கொல்லி எல்லாம் பாலும் தேனும் ஆயிடல. மடக்குக் கத்தியில நகக்குழி, பிவட், ஸ்ப்ரிங் இடுக்கு, எங்கயெல்லாம் மருந்து ஒட்டி நிக்கும்னு பாத்து கழுவவே முடியாது. துணியில துடைச்சுட்டு கொய்யா நறுக்குறது, ஐயோ.

ஸ்டோருக்கு அந்த மஞ்சக் கட்டரே இருக்கட்டும். அது கேவலமான சாமான் இல்ல தம்பி, ஒடிச்சு ஒடிச்சு புது கூர் எடுக்குற அந்த ஐடியா 1956ல ஜப்பான்காரன் ஒக்காடா கண்டுபிடிச்சது, ஓல்ஃபா கம்பெனிய ஆரம்பிச்சவர், சாக்லேட் கட்டிய ஒடிக்கிறத பாத்து வந்த யோசனைன்னு சொல்லுவாங்க. ஸ்டோர்ல ஆணியில மாட்டி வை, மருந்துக்கும் உரத்துக்கும் அது. பிளேடு துருவாச்சா, தூக்கிப் போட்டு புதுசு போடு. பாக்கெட்ல இருக்குற கத்தி அந்தப் பக்கமே போகக்கூடாது.

கித்தாக்காட்டு_கிழவன்:
உளிய வேற எதுக்கும் தொட மாட்டோம்னு சொன்னேன்ல. அதே தான்.

லிந்தாங்_பையன்:
சரி புரியுது, நான் தான் எல்லாத்துக்கும் ஒண்ணுன்னு பேராசப்பட்டேன் போல. அப்ப பாக்கெட்டுக்கு கயிறு, பாலிபேக், பெட்டி, பழம் இவ்வளவு தான். விக்டோரிநாக்ஸ்ல எது? லிஸ்ட் பாத்தா நூறு மாடல் இருக்கு.

துரு_டாக்டர்:
சிவப்பு பிளாஸ்டிக் பிடிய மறந்துடு, அலுமினிய பிடி போட்ட ஆலாக்ஸ் பாரு. வேர்வையில வழுக்காது, மேல சொறசொறன்னு கோடு போட்டிருக்கும், பாக்கெட்ல மெல்லிசா உக்காரும். கேடட்டுன்னு ஒண்ணு, 84 மில்லிமீட்டர், சின்ன ஆளு. பயனியர்னு ஒண்ணு, 93 மில்லிமீட்டர், தகடு தடிமன், குத்தூசியும் உண்டு. அதே சைஸ்ல ரம்பமும் வேணும்னா ஃபார்மர். உன் கை பெருசா இருந்தா பயனியர். சாக்கு தைக்கணும், பெல்ட்டுல ஓட்டை போடணும்னா அந்த குத்தூசி உதவும். நீ ஃபீல்டு ஆளு, ரம்பம் வேணாம், மட்டை வெட்ட அருவா இருக்கு.

மரப்பிடி_மணி:
ஃபார்மர்னு பேரு வச்சும் விவசாயிக்கு வேணாம்னா எப்படி டாக்டர் 😂

துரு_டாக்டர்:
சுவிஸ்ல செம்பனை இல்ல மணி, அவன் ஆப்பிள் கிளை அறுப்பான்.

கறுப்பு_வேங்கை:
ஒரு கையால திறக்க வராதே அது. நகத்த விட்டு நோண்டணும். மோட்டோ மேல உக்காந்துட்டு ஒரு கையில கயிறு பிடிச்சிருந்தா என்ன பண்ணுவீங்க?

ரெங்கம்_காரன்:
மோட்டோவ நிறுத்திட்டு ரெண்டு கையாலயும் திறப்போம். இல்ல நெசமாவே ஒத்தக் கை வேலை இருக்குறவனுக்கு அது தேவை தான், நான் மறுக்கல. பிளேடுல விரல வச்சு தள்ளித் திறக்குற ஸ்பைடர்கோ ஓட்டை, கட்டைவிரல் குமிழ், இதெல்லாம் ஏணி மேல நிக்கிறவனுக்கும் படகுல இருக்குறவனுக்கும் தான் பிறந்தது. தம்பி தரையில நிக்கிறவன்.

லிந்தாங்_பையன்:
டூப்ளிகேட்டு எப்படி கண்டுபிடிக்கிறது? ஆன்லைன்ல ஒரே மாதிரி படத்துக்கு 35 வெள்ளியும் இருக்கு, அஞ்சு மடங்கு விலையும் இருக்கு.

துரு_டாக்டர்:
35 வெள்ளிக்கு ஒரிஜினல் ஆலாக்ஸ் வராதுன்றது முதல் டெஸ்ட். ரெண்டாவது, பெரிய பிளேடோட அடிப்பகுதியில பேரு அடிச்சிருக்கும், எழுத்து கூர்மையா, ஒரே ஆழத்துல இருக்கணும். மூணாவது கை. திறக்குறப்ப ஸ்ப்ரிங் ஒரே சீரா இழுத்துட்டு வந்து டக்குன்னு நிக்கணும், ஆட்டிப் பாத்தா பக்கவாட்டுல ஆடக்கூடாது. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாரு, மூடின நிலையில தகடுகளுக்கு நடுவுல அங்கங்க பொளந்துட்டு வெளிச்சம் தெரிஞ்சா வேணாம். இத படத்துல பாக்க முடியாது, அதனால ஈப்போக்கோ பினாங்குக்கோ போறப்ப கடையில கையில எடுத்து பாத்து வாங்கு. பத்து இருபது வெள்ளி கூட போனாலும் பரவால்ல.

மல்லிச்சரம்:
எனக்கு ஆன்லைன்ல வந்தது டூப்ளிகேட்டு தான், கத்திரிக்கோல் ஸ்ப்ரிங் ஒடிஞ்சு போச்சு. விக்கிறவன் பதிலே போடல. அப்புறம் கடையில தான் வாங்கினேன்.

லிந்தாங்_பையன்:
கடைசிக் கேள்வி, தீட்டுறது எப்படி? எனக்கு அருவா தீட்டுறத பாத்துருக்கேன், அரத்துல சரக் சரக்னு. இதுக்கும் அப்படியா?

கித்தாக்காட்டு_கிழவன்:
அரம் தொட்டே, தொலைச்சே.

துரு_டாக்டர்:
ஐயா சொன்னது தான். இரும்புக்கடையில ரெண்டு பக்கக் கல்லு இருக்கும், ஒரு பக்கம் சொறசொறப்பு, ஒரு பக்கம் வழவழப்பு, அதுல வழவழப்பு பக்கம் தான் உனக்கு தினசரி. தண்ணி விட்டு வை. கோணம் எப்படின்னா, கத்திய கல்லு மேல நேரா நிறுத்தினா 90 டிகிரி, பாதி சாய்ச்சா 45, அதுலயும் பாதின்னா 22 பக்கம் வரும், அதுக்கும் ஒரு முடி கீழ பிடி. கோணம் சரியான்னு சந்தேகமா இருந்தா மார்க்கர் பேனாவால விளிம்புல கறுப்பு பூசு, ஒரு இழு இழுத்துப் பாரு. விளிம்பு நுனியில இருந்து தோள் வரைக்கும் மை போயிருந்தா சரி, மேல தோள்ல மட்டும் போயிருந்தா நீ ரொம்ப படுக்க வச்சிருக்க, நுனியில மட்டும் போயிருந்தா ரொம்ப நிமித்திட்ட. ஒரு பக்கம் தீட்டுறப்ப மறுபக்கம் விரல்ல தடவினா முடி மாதிரி ஒரு சுருணை தட்டுப்படும், அது முழு நீளத்துக்கும் வந்தா தான் பக்கம் மாத்தணும். இத செய்யாம மாத்தி மாத்தி தேச்சுட்டு கூர் வரல கூர் வரலன்னு சொல்றவங்க தான் அதிகம்.

கல்லு இல்லாத நாள்ல காபி கப்ப கவுத்து வை. அடியில பீங்கான் பூச்சு இல்லாம சொறசொறன்னு ஒரு வளையம் இருக்கும் பாரு, அதுல மெதுவா நாலு இழு இழுத்தா போதும். விக்டோரிநாக்ஸ் ஸ்டீலுக்கு அதுவே நல்லா பிடிக்கும்.

மரப்பிடி_மணி:
எண்ணெய்க்கு என்ன போடுறது? நான் தேங்காய் எண்ணெய் தான்.

துரு_டாக்டர்:
அவசரத்துக்கு பரவால்ல. மத்த சமையல் எண்ணெய் வேணாம், நாள் ஆக ஆக பிசினா மாறி ஸ்ப்ரிங்க ஒட்ட வச்சிடும், தூசியும் பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் பிவட்டுக்கு ஒரு சொட்டு, பழம் நறுக்குற கத்தின்றதால அப்புறம் பிளேட நல்லா துடைச்சுடு. அதுக்கு முன்னாடி கழுவு. வெந்நீர், சோப்பு, பழைய டூத்பிரஷ், திறந்து வச்சு நல்லா உதறி காய வை, அப்புறம் எண்ணெய். கழுவாம எண்ணெய் விட்டா அழுக்கோட சேந்து அரைக்கும்.

கறுப்பு_வேங்கை:
ஒரு டவுட், இதால டுரியான் திறக்கலாமா? சீசன் வருது.

ரெங்கம்_காரன்:
கை வேணுமா டுரியான் வேணுமா? அதுக்கு திருகணும், நெம்பணும், லாக் இல்லாத கத்தி நேரா விரலுக்கு தான் வரும். பாராங்க அடி நட்சத்திரக் கோட்டுல வச்சு கொஞ்சம் போட்டு திருப்பு, இல்லன்னா விக்கிறவன்கிட்டயே பிரிச்சுக் குடுக்க சொல்லு.

லிந்தாங்_பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, நூல் விஷயம் இன்னைக்கு செஞ்சு பாத்தேன், மூட்டை மூட்டையா உருவிட்டு வருது, கூட இருந்த பங்ளா அண்ணனுங்க எல்லாரும் கேட்டு கத்துக்கிட்டாங்க. கட்டர ஸ்டோர்ல மாட்டியாச்சு. சம்பளம் வந்ததும் ஈப்போ போய் பயனியர கையில எடுத்துப் பாத்துட்டு வாங்கப் போறேன், கை சின்னதா பட்டா கேடட். கறுப்புக் கத்திய கார்ட்ல இருந்து எடுத்துட்டேன், வேங்கை கோச்சுக்காதீங்க.

கறுப்பு_வேங்கை:
கோவமெல்லாம் இல்லலா. நானே மாத்தலாமான்னு பாக்குறேன். ஆனா அடுத்த மாசம் சென்னை போறேன், வாங்கினா சாவிக்கொத்துலயே மாட்டிட்டு போலாமா?

ஈப்போ_அக்கா:
மாட்டிட்டு போனா ஏர்போர்ட் ஸ்கேனர்ல எடுத்து பெட்டியில போட்டுடுவாங்க, திரும்ப வராது. கையில கொண்டு போற பையில கத்தி எந்த சைஸும் வேணாம். செக்-இன் லக்கேஜ்ல துணிக்குள்ள சுத்தி வையுங்க, போறப்பவும் வர்றப்பவும்.